தன் கூலியைத் தானே அளக்கலாமா?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

புகழ் அனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



கோவை ஒப்பணக்கார வீதியில் கடை வைத்திருப்பவரானாலும், ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை நிறுப்பவரானாலும், அவருடைய தராசில் அரசு முத்திரை இருக்க வேண்டும். குறித்த காலத்திற்கு ஒருமுறை அதிகாரி வந்து சரிபார்த்து மறுபடியும் முத்திரையிட வேண்டும். கடைக்காரர் ஐந்து வேளை தொழுபவராக இருக்கலாம். ஊரே மெச்சும் நேர்மையாளராக இருக்கலாம். ஆயினும் தம் தராசுக்குத் தாமே முத்திரை குத்திக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. ஏன்? அவர் திருடர் என்பதனால் அல்ல. ஆதாயம் அடைபவரும் அளப்பவரும் ஒருவராகவே இருந்தால், அளவு தவறாமல் இருந்தாலும் அதை நம்புவதற்கு வழியில்லை என்பதனால்தான்.

கடைத்தெருவில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் இந்த விதி, நமக்காகச் சட்டம் இயற்றும் மன்றங்களுக்குள் மட்டும் நுழைவதில்லை. அங்கே உறுப்பினர்களின் சம்பளத்தை நிர்ணயிப்பவர்கள் அந்த உறுப்பினர்களே! இது சரிதானா? மார்க்கம் இதுபற்றி என்ன வழிகாட்டுகிறது? இன்றைய ஜுமுஆவில் இதைச் சிந்திப்போம்.

வறட்சியின் ஆண்டில் வந்த உயர்வு

2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் மிக மோசமாகப் பொய்த்தது. 2017 ஜனவரி 10 அன்று தமிழகம் முழுவதையும் வறட்சி பாதித்த மாநிலமாக அரசே அறிவித்தது. பயிர் கருகியது, கடன் கழுத்தை நெரித்தது. தமிழக விவசாயிகள் தில்லி ஜந்தர் மந்தரில் நாற்பது நாட்களுக்கு மேல் போராடினார்கள். ஏப்ரலில் அதை நிறுத்திவைத்து, ஜூலையில் மீண்டும் அங்கே சென்று அமர்ந்தார்கள்.

அதே ஜூலை மாதம் 19ஆம் நாள் தமிழகச் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு வெளியானது. சட்டமன்ற உறுப்பினர்களின் மாத ஊதியமும் படிகளும் சேர்ந்து ரூ.55,000ஆக இருந்தது, ரூ.1,05,000ஆக உயர்த்தப்படும் என்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி அறிவித்தார். முன்னாள் உறுப்பினர்களின் ஓய்வூதியம் ரூ.12,000இலிருந்து ரூ.20,000ஆனது. ஜூலை முதல் தேதியிலிருந்தே இவை நடைமுறைக்கு வரும் என்றும் சொல்லப்பட்டது.

மாதம் ஐம்பதாயிரம் உயர்வு என்பதை 234 உறுப்பினர்களுக்கும் கணக்கிட்டால் ஆண்டுக்கு 14 கோடி ரூபாய் வருகிறது. மாநில வரவு செலவுத் திட்டத்தில் இது பெருந்தொகை அல்ல என்பது உண்மைதான். ஆனால் நாம் இங்கே பேசுவது தொகையைப் பற்றியல்ல. அதை அளந்த கையைப் பற்றி! ஒரே வீச்சில் ஏறத்தாழ 91 விழுக்காடு உயர்வு. கேட்டவர்களும் அவர்களே, கொடுத்தவர்களும் அவர்களே.

இது ஒரு கட்சியின் மீது சொல்லும் குறை அல்ல, சகோதரர்களே! 2010ஆம் ஆண்டில் வேறொரு கூட்டணி மத்தியில் ஆண்டபோது, நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளம் ரூ.16,000இலிருந்து ரூ.50,000ஆக்கப்பட்டது. அதுவும் போதாது, அரசுச் செயலாளர் ரூ.80,000 வாங்குகிறார், எங்களுக்கு அதைவிட ஒரு ரூபாயாவது கூடுதலாக ரூ.80,001 வேண்டும் என்று சில உறுப்பினர்கள் அவையில் முழங்கினார்கள். 2018இல் மற்றொரு கூட்டணியின் ஆட்சியில் அந்தச் சம்பளம் ஒரு லட்சமாக இரட்டிப்பானது. அந்த உயர்வு அடங்கிய நிதி மசோதா, மக்களவையில் கூச்சல் குழப்பத்திற்கிடையே விவாதமின்றி நிறைவேறியது. ஆட்சிகள் மாறின, அளக்கும் முறை மாறவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

நமது அரசியலமைப்பின் 106ஆவது பிரிவு, நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளத்தை நாடாளுமன்றமே சட்டத்தின் வாயிலாக நிர்ணயிக்கும் என்கிறது. 195ஆவது பிரிவு, சட்டமன்ற உறுப்பினர்களின் சம்பளத்தை மாநிலச் சட்டமன்றமே நிர்ணயிக்கும் என்கிறது. ஆகவே 2017இல் நடந்தது சட்ட மீறல் அல்ல. சட்டம் திறந்து வைத்த வாசல் வழியாகத்தான் அவர்கள் நுழைந்தார்கள்.

ஆனால், சட்டம் அனுமதித்த எல்லாம் அறமாகிவிடுமா? நம் ஊர்களில் நடக்கும் வேறொன்றைப் பாருங்கள். கோவை மாநகராட்சியில் 100 மாமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். தங்களுக்கு மாதம் எவ்வளவு என்று அவர்கள் தாங்களாகவே தீர்மானம் போட்டு எடுத்துக்கொள்ள முடியாது. 2023 ஜூலை முதல் மேயருக்கு ரூ.30,000, துணை மேயருக்கு ரூ.15,000, மாநகராட்சி உறுப்பினருக்கு ரூ.10,000 என்று மதிப்பூதியத்தை நிர்ணயித்தது மாநில அரசு. அந்த அளவு போதுமா போதாதா என்பது வேறு விவாதம். அளவுகோல் பெறுபவர் கையில் இல்லை என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. வார்டு உறுப்பினருக்குப் பொருந்துகிற நியதி, கோட்டையில் அமர்பவருக்கு மட்டும் ஏன் பொருந்தக்கூடாது?

பொதுப்பணிக்கு ஊதியம் வாங்குவது குற்றமா?

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். மக்கள் பிரதிநிதி ஊதியமே வாங்கக்கூடாது என்று இஸ்லாம் சொல்லவில்லை. பொதுப்பணியில் அமர்த்தப்பட்டவருக்கு மனைவி இல்லையெனில் மணமுடித்துக்கொள்ளவும், பணியாள் இல்லையெனில் பணியாள் அமர்த்திக்கொள்ளவும், வீடு இல்லையெனில் வீடு அமைத்துக்கொள்ளவும் நபி (ஸல்) அவர்கள் அனுமதி அளித்தார்கள் என்ற செய்தி அபூதாவூதில் உள்ளது.

இதில் பெரும் நீதி இருக்கிறது. ஊதியமே இல்லையென்றால் பணக்காரர் மட்டுமே பதவிக்கு வர முடியும். இங்கிலாந்தில் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஊதியம் வேண்டும் என்று 1838இல் தொழிலாளர்கள்தாம் தங்கள் சாசனத்தில் கோரினார்கள். தறிக்காரரின் மகனும் மன்றத்தில் அமர வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். 1911இல்தான் அங்கே ஆண்டுக்கு 400 பவுன் ஊதியம் வந்தது.

ஆகவே ஊதியம் நியாயமானது. ஆனால் அதே அபூதாவூதில் மற்றொரு நபிமொழியும் உண்டு. ஒருவரை ஒரு பணிக்கு அமர்த்தி அவருக்கு வாழ்வூதியமும் வழங்கிய பிறகு, அதற்கு மேல் அவர் எடுப்பது மோசடி என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். நன்றாகக் கவனியுங்கள்! ஊதியத்தை வழங்குவது பணிக்கு அமர்த்தியவரின் உரிமை. நம் நாட்டில் அவர்களைப் பணிக்கு அமர்த்தியவர்கள் யார்? வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொண்ட நாம் அல்லவா?

கலீஃபாவின் கூலியை நிர்ணயித்தவர் யார்?

ஹஜ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் துணி வணிகர். கலீஃபாவாகப் பொறுப்பேற்ற பின்னரும் வழக்கம்போலத் துணிகளைத் தோளில் சுமந்துகொண்டு கடைத்தெருவுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். வழியில் ஹஜ்ரத் உமர் (ரலி), ஹஜ்ரத் அபூஉபைதா (ரலி) இருவரும் எதிர்ப்பட்டார்கள். மக்களின் பொறுப்பைச் சுமந்துகொண்டு வணிகத்திற்குப் போனால் எப்படி என்று கேட்டார்கள். என் குடும்பத்தை எப்படிக் காப்பாற்றுவேன் என்று கலீஃபா கேட்டார்கள். வாருங்கள், உங்களுக்கு நாங்கள் ஏற்பாடு செய்கிறோம் என்று அழைத்துச் சென்றார்கள். முஹாஜிர்களில் நடுத்தரமான ஒருவருக்கு ஆகும் உணவுச் செலவு எவ்வளவோ, அவ்வளவும், கோடைக்கும் குளிருக்கும் உடையும் என்று நிர்ணயிக்கப்பட்டது.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, அளவை நிர்ணயித்தவர் கலீஃபா அல்ல, மற்றவர்கள். இரண்டாவது, அளவுகோல் பாரசீக மன்னரோ ரோமாபுரிப் பேரரசரோ அல்ல. தம் மக்களிலேயே நடுத்தரமான ஒருவர். அரசுச் செயலாளரைவிட ஒரு ரூபாய் கூட வேண்டும் என்ற குரலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்!

ஒருநாள் அன்னாரின் துணைவியார் இனிப்பு உண்ண ஆசைப்பட்டார்கள். கையில் மிச்சமில்லை. அன்றாடச் செலவில் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடித்துச் சிறு தொகை சேர்த்தார்கள். இதையறிந்த கலீஃபா, இந்தத் தொகை இல்லாமலும் நம் குடும்பம் நடக்கிறது என்பது இப்போது தெரிந்துவிட்டதே என்று சொல்லி, அதைப் பைத்துல்மாலிலேயே சேர்த்துவிட்டார்கள். அதே அளவைத் தம் ஊதியத்திலும் குறைத்துக்கொண்டார்கள். தம் ஊதியத்தில் தாமே கைவைத்த ஆட்சியாளரை வரலாறு காட்டுகிறது; ஆனால் குறைப்பதற்காகக் கைவைத்தார்கள்!

அநாதையின் சொத்தைப் போல

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் பொறுப்புக்கு வந்தபோது, இந்தப் பொதுச் சொத்திலிருந்து எனக்கு எவ்வளவு ஆகும் என்று நபித்தோழர்களிடம் கேட்டார்கள். உங்களுக்கும் உங்கள் குடும்பத்துக்கும் முறைப்படி போதுமான அளவு மட்டும் என்று ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். அதையே உமர் (ரலி) ஏற்றுக்கொண்டார்கள்.

அநாதையின் சொத்தைப் பராமரிப்பவர் வசதி உள்ளவரானால் அதைத் தொடாமல் விலகிக்கொள்ள வேண்டும். ஏழையானால் நியாயமான அளவு உண்ணலாம் என்பது இறைவாக்கின் கருத்து (4:6). பொதுச் சொத்தில் என் நிலை அநாதையின் காப்பாளருடைய நிலைதான் என்று உமர் (ரலி) அவர்கள் கூறினார்கள். எவ்வளவு ஆழமான உவமை! அநாதைக் குழந்தைக்குக் கணக்குக் கேட்கத் தெரியாது. அது கேட்காது என்பதாலேயே காப்பாளர் இரட்டிப்பாக அஞ்ச வேண்டும். வரி செலுத்தும் ஏழையும் அப்படித்தான். தீப்பெட்டி வாங்கும்போதும் வரி செலுத்துகிறார். அது எங்கே போகிறது என்று கேட்க அவருக்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை.

பின்னொரு காலத்தில் உமர் (ரலி) அவர்களின் வறிய வாழ்வைக் கண்டு மூத்த நபித்தோழர்கள் சிலர் ஊதியத்தை உயர்த்த விரும்பினார்கள். நேரில் சொல்ல அஞ்சி, அன்னாரின் மகளார் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்கள் வழியாகச் சொல்லி அனுப்பினார்கள். உமர் (ரலி) கோபமுற்று மறுத்துவிட்டார்கள். ஹிஜ்ரி 18இல் மதீனாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. மக்கள் வயிறார உண்ணும் வரை நெய்யும் இறைச்சியும் உண்பதில்லை என்று அன்னார் உறுதி பூண்டார்கள். எண்ணெயை மட்டுமே உண்டு அன்னாரின் மேனி நிறமே மாறியது என்று வரலாறு கூறுகிறது. அதுவும் வறட்சியின் ஆண்டுதான். 2017ம் வறட்சியின் ஆண்டுதான். எண்ணிப் பாருங்கள்!

நம் நாட்டிலும் இப்படிப்பட்ட உணர்வு அறவே இல்லாமலில்லை. அரசுப் பணியாளர் எவருக்கும் மாதம் 500 ரூபாய்க்கு மேல் ஊதியம் கூடாது என்று 1931இல் கராச்சி காங்கிரஸ் மாநாடு தீர்மானித்தது. 1937இல் சென்னை மாகாணத்தில் இராஜாஜியின் அமைச்சரவை அமைந்தபோது அமைச்சர்கள் அந்த 500 ரூபாய் ஊதியத்தையே பெற்றார்கள். வீட்டுக்கும் வாகனத்துக்கும் படி தனியே இருந்தது. அந்த அமைச்சரவையில் யாகூப் ஹஸன் சேட் அவர்களும் இருந்தார்கள். 2020 ஏப்ரலில் பெருந்தொற்று வந்தபோது நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளம் ஓராண்டுக்கு 30 விழுக்காடு குறைக்கப்பட்டது. குறைக்கவும் முடியும் என்பதற்கு இவை சான்று.

வாங்கும்போது ஓர் அளவு. கொடுக்கும்போது ஓர் அளவு

அளவில் மோசடி செய்வோருக்குக் கேடுதான் என்று தொடங்குகிறது திருக்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம். யார் அவர்கள்? தாங்கள் பிறரிடம் அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொள்கிறார்கள். பிறருக்கு அளந்தோ நிறுத்தோ கொடுக்கும்போது குறைத்து விடுகிறார்கள் என்று அல்லாஹ் அடையாளம் காட்டுகிறான். இது தானியத்துக்கும் எண்ணெய்க்கும் மட்டும் உரிய எச்சரிக்கையா?

2018 ஜனவரி 4 அன்று தமிழக அரசுப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அவர்கள் கேட்டது 2.57 மடங்கு ஊதியக் காரணி. அரசு தர ஒப்பியது 2.44. வேறுபாடு 0.13! காந்திபுரத்திலும் உக்கடத்திலும் மக்கள் பேருந்தின்றித் தவித்தார்கள். அந்த வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த அதே வாரத்தில்தான் சட்டமன்ற உறுப்பினர்களின் சம்பள உயர்வு மசோதா அவையில் வைக்கப்பட்டது. தொழிலாளர்கள் தெருவில் நிற்கும்போது இந்த உயர்வு வேண்டாம் என்று பிரதான எதிர்க்கட்சி எதிர்ப்புத் தெரிவித்தது. ஆயினும் மசோதா அந்த மாதமே நிறைவேறியது. அதே மாதம் 20ஆம் தேதி பேருந்துக் கட்டணமும் கடுமையாக உயர்ந்தது.

அந்தத் தொழிலாளர்களின் வழக்கு எப்படி முடிந்தது தெரியுமா? சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை நடுவராக நியமித்தது. அதன் பேரில் வேலைக்குத் திரும்பினார்கள். ஓட்டுநரின் கூலிக்கு நடுவர் வேண்டும். சட்டமன்ற உறுப்பினரின் கூலிக்கு நடுவர் வேண்டாமா?

நம் கொங்கு மண்ணையே பாருங்கள். சோமனூர், பல்லடம் வட்டாரங்களில் கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறியாளர்கள் 2022 ஜனவரியில் தறிகளை நிறுத்தினார்கள். 2025 மார்ச்சில் மறுபடியும் நிறுத்தினார்கள். பேச்சுவார்த்தையில் ஒப்புக்கொண்ட கூலியைக் கையில் வாங்குவதற்கே இத்தனை பாடு. 2022 அக்டோபரில் கோவை மாநகராட்சியின் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள், மாவட்ட ஆட்சியர் நிர்ணயித்த நாட்கூலியைத் தாருங்கள் என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். 2017 ஜூனில் தேசிய அடிப்படைக் குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 160 ரூபாயிலிருந்து 176 ரூபாயானது. அதாவது 10 விழுக்காடு. அடுத்த மாதமே நம் சட்டமன்றத்தில் 91 விழுக்காடு!

2018இன் சட்டம், நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டின்படி தானாகவே உயர வழிசெய்தது. அதன்படி 2025 மார்ச்சில் சம்பளம் ரூ.1,24,000 ஆனது, ஓய்வூதியம் ரூ.25,000இலிருந்து ரூ.31,000ஆனது, 2023 ஏப்ரலிலிருந்தே கணக்கிட்டு வழங்கப்பட்டது. இந்த ஏற்பாட்டில் ஒரு நன்மை உண்டு. எண்பதாயிரத்து ஒன்று என்று முழங்க இனி இடமில்லை. ஆனால் விலைவாசி ஏறுவது அவர்கள் வீட்டில் மட்டுமா? இந்த அறிவிப்பு வந்த நாளில், ஏழை முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மாதம் 200 ரூபாய். 2007 முதல் அதே 200! தமிழகத்தில் மாநில அரசு தன் பங்கைச் சேர்த்ததால்தான் அது 1,200 ரூபாயாகக் கைக்கு வந்தது. தமக்கு நகரும் அளவுகோல். மூதாட்டிக்கு நகராத அளவுகோல். 83ஆவது அத்தியாயத்தின் எச்சரிக்கை இங்கே பொருந்தவில்லை என்று எவரால் சொல்ல முடியும்?

பிறர் கண்ட வழி

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களுக்கும் ஹஜ்ரத் உபை இப்னு கஅப் (ரலி) அவர்களுக்கும் ஒரு வழக்கு ஏற்பட்டது. கலீஃபாவாக இருந்தும் உமர் (ரலி) தாமே தீர்ப்பளித்துக்கொள்ளவில்லை. ஹஜ்ரத் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் இருவருமாகச் சென்றார்கள். ஸைத் (ரலி) கலீஃபாவுக்குத் தம் பக்கத்தில் இடம் தந்தபோது, இதுவே நீர் செய்த முதல் அநீதி என்று சொல்லி, எதிர் வழக்காடியுடன் சமமாக அமர்ந்தார்கள். தன் வழக்கில் தானே நீதிபதியாகக் கூடாது என்பதே இதன் சாரம்.

இதைப் பிற நாடுகள் சில, தட்டுத் தடுமாறிக் கண்டடைந்திருக்கின்றன. 2009இல் பிரிட்டனில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் பொய்யான செலவுக் கணக்குக் காட்டியது அம்பலமானது. அதன்பின் தனி ஆணையம் ஒன்றை அமைத்து, 2011 முதல் ஊதியத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தையும் அதனிடம் கொடுத்துவிட்டார்கள். 2015இல் அந்த ஆணையம் 67,060 பவுனாக இருந்த ஊதியத்தை 74,000 பவுனாக உயர்த்தியது. ஆக, பிறர் அளந்தால் குறைவாகத்தான் அளப்பார்கள் என்பதில்லை. கூடினாலும் குறைந்தாலும் அந்த அளவின் மீது சந்தேகத்தின் நிழல் விழாது என்பதே பயன்.

அமெரிக்காவில் வேறு வழி. உறுப்பினர்கள் நிறைவேற்றும் ஊதிய மாற்றம் அடுத்த தேர்தல் முடிந்த பிறகே நடைமுறைக்கு வர வேண்டும் என்ற திருத்தம் 1789இல் முன்மொழியப்பட்டு, இருநூறு ஆண்டுகள் தூங்கிக் கிடந்தது. 1982இல் ஒரு கல்லூரி மாணவர் அதைத் தோண்டியெடுத்துக் கட்டுரை எழுதினார். குறைந்த மதிப்பெண்ணே கிடைத்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதினார். 1992இல் அது அரசியலமைப்பின் 27ஆவது திருத்தமானது. ஒரு தனி மனிதரின் கடிதங்கள் இதைச் சாதித்தன!

நாமும் இம்மூன்றைக் கேட்கலாம். உறுப்பினர் அல்லாத நடுவர் குழு ஊதியத்தைப் பரிந்துரைக்கட்டும். உயர்வு அடுத்த மன்றத்திலிருந்து நடைமுறைக்கு வரட்டும். தமக்கு விலைவாசிக் குறியீடு என்றால், முதியோர் ஓய்வூதியத்துக்கும் குறைந்தபட்சக் கூலிக்கும் அதே குறியீடு பொருந்தட்டும். வாக்குக் கேட்டு வீட்டு வாசலுக்கு வருபவர் எக்கட்சியினராயினும், இந்த மூன்றையும் பணிவோடு கேளுங்கள். ஒரு மனுவாக எழுதிக் கையில் கொடுங்கள்.

நம் கை சுத்தமாக இருக்கிறதா?

ஆனால் சகோதரர்களே! கேட்கும் தகுதி நமக்கு இருக்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினரை நாம் எதற்காகத் தேடிப் போகிறோம்? வீட்டுத் திருமணத்திற்கு அழைத்து மொய் எதிர்பார்க்கிறோம். கூட்டத்துக்கு நன்கொடை, விளையாட்டுக் குழுவுக்குச் சட்டை, சங்கத்துக்கு நாற்காலி என்று நீட்டுகிறோம். மாதச் சம்பளம் எந்த மூலைக்கு என்று அவர் சொன்னால், அந்தப் பேச்சில் நமக்கும் பங்கில்லையா?

அதைவிடக் கொடியது வாக்குக்கு வாங்கும் பணம். 2016 மே மாதம் கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சியிலும், தஞ்சாவூரிலும் வாக்காளர்களுக்குப் பணம் விநியோகிக்கப்பட்டதால் தேர்தல் ஆணையம் தேர்தலையே ரத்து செய்தது. நவம்பரில்தான் மறுபடி நடந்தது. அரவக்குறிச்சி நம் கொங்கு மண். நம் சமுதாய மக்கள் திரளாக வாழும் பள்ளப்பட்டி அந்தத் தொகுதியில்தான் இருக்கிறது. கை நீட்டியவர் யார், நீட்டாதவர் யார் என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆனால் ஒன்று நிச்சயம். வாக்கை விற்றவர் விலையை அன்றே வாங்கிவிட்டார். அதன்பின் கணக்குக் கேட்க அவருக்கு வாய் ஏது? அமானிதத்தை உரியவரிடம் ஒப்படையுங்கள் என்ற இறைக் கட்டளை (4:58) ஆட்சியாளருக்கு மட்டுமல்ல, வாக்காளருக்கும்தான்.

நம் மஹல்லாவிலிருந்து தொடங்குவோம்

தராசு நம் கையிலும் இருக்கிறது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்போர், இமாமுக்கும் மோதினாருக்கும் ஊதியம் நிர்ணயிக்கிறார்கள். தம் கடையின் வாடகை வரவுக்கு ஆண்டுதோறும் உயர்வு எதிர்பார்ப்பவர், மோதினார் உயர்வு கேட்டால் ஜமாஅத்தில் நிதியில்லை என்கிறார். நம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஏறியிருக்கிறதே, ஹஜ்ரத்தின் பிள்ளைகளுக்கு மட்டும் ஏறவில்லையா? வக்ஃப் சொத்தைப் பராமரிக்கும் முத்தவல்லி தம் உழைப்புக்கு நியாயமான கூலி பெறலாம் என்று ஃபிக்ஹ் நூல்கள் அனுமதிக்கின்றன. ஆனால் அதை வக்ஃப் செய்தவரோ காஜியோ நிர்ணயிக்க வேண்டும். அவராக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிரிக்கப்படாத பாகத்தை நிர்வகிக்கும் அண்ணன், தன் உழைப்புக்கு இவ்வளவு என்று தானே எழுதிக்கொள்ள வேண்டாம். தம்பி தங்கைகளை உட்கார வைத்துப் பேசி முடிவு செய்யட்டும். தறி வைத்திருப்பவர், பனியன் கம்பெனி நடத்துபவர், கடையில் ஆள் வைத்திருப்பவர், தம் செலவு ஏறியதை உணர்ந்த அன்றே தம்மிடம் உழைப்பவரின் செலவும் ஏறியிருப்பதை உணரட்டும். தாய்மார்களே! வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் கூலியைக் கடைசியாக எப்போது உயர்த்தினீர்கள் என்று இன்று வீட்டுக்குப் போனதும் எண்ணிப் பாருங்கள்.

ஒரு வழக்கத்தை இந்த ஆண்டே தொடங்கலாம். ஜமாஅத்தின் ஆண்டுக் கூட்டத்தில், நிர்வாகத்தில் இல்லாத மூவரைத் தேர்ந்தெடுத்து, இமாம், மோதினார், துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் ஊதியத்தைப் பரிந்துரைக்கச் செய்யலாம். அந்தப் பரிந்துரையை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். இவ்வாறு நம் மஹல்லாவில் நடந்து காட்டிவிட்டுக் கோட்டையை நோக்கிக் கேட்போம். அந்தக் கேள்விக்கு எடை இருக்கும்.

மறுமையில் நீதியின் தராசு நிறுத்தப்படும் நாளில், அந்தத் தராசுக்கு நாம் முத்திரை குத்த முடியாது. நம் பக்கத்தை நாமே நிறுத்துக்கொள்ளவும் முடியாது. அந்த நாளை அஞ்சுவோர் இங்கே தம் கையிலுள்ள தராசைச் சரி செய்துகொள்ளட்டும்.

யா அல்லாஹ்! எங்களை ஆள்வோருக்கு நீதியையும் போதுமென்ற மனதையும் தருவாயாக! உழைப்பவரின் கூலியைக் குறைக்காத கைகளை எங்களுக்குத் தருவாயாக! பொதுச் சொத்தில் அஞ்சி நடக்கும் நற்பண்பை எங்கள் சந்ததியினருக்கும் வழங்குவாயாக! ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.